3,000 டாலர் கையொப்பம்: எட்வர்ட் கர்ட்டிஸின் புகைப்படத் திட்டம் ஒரு நிகழ்வு ஆய்வு

1935ஆம் ஆண்டு, பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் லோரியட் என்ற புத்தகக் கடை ஒரு பழைய சரக்கை மொத்தமாக விலைக்கு வாங்கியது. விற்காமல் தங்கிப்போன 19 முழுத் தொகுப்புகள், ஆயிரக்கணக்கான தனி அச்சுத் தாள்கள், படங்கள் பொறிக்கப்பட்ட செப்புத் தகடுகள், இவற்றோடு பதிப்புரிமை. விலை 1,000 டாலர். மேற்கொண்டு விற்பதில் ஒரு சிறு பங்கு. விற்றவர்கள் மார்கன் வங்கிக் குடும்பத்தினர். படங்களை எடுத்தவர் அந்தப் பேரத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. தன் உரிமையை அவர் 1928இலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

தொடக்கத்தில் அந்தத் தொகுப்பு ஒன்றின் விலை 3,000 டாலர். ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்பில் மிச்சமிருந்தவை எல்லாம் ஒரே ஒரு தொகுப்பின் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கைமாறிப் போயின.

படைப்பின் பெயர் 'த நார்த் அமெரிக்கன் இண்டியன்'. எடுத்தவர் எட்வர்ட் ஷெரிஃப் கர்ட்டிஸ். சந்தாதாரர்களை நம்பி ஒரு தனி மனிதர் நடத்திய புகைப்படத் திட்டங்களில் இதைவிடப் பெரிய ஒன்றை நான் அறியேன். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் 80க்கும் மேற்பட்ட சமூகங்கள், 40,000க்கும் மேற்பட்ட படங்கள், பேச்சையும் பாட்டையும் பதிந்த சுமார் 10,000 மெழுகு உருளைகள், 20 தொகுதிகள். சொந்த முயற்சியில் ஒரு படத் தொடரை நடத்திக்கொண்டு, ஆதரவாளர்களுக்கு அச்சுகளை அனுப்பிவைப்பவர்கள் இன்று நம்மிடையே பலர் உண்டு. நானும் அப்படிப்பட்டவன். அதனால் கர்ட்டிஸின் படங்களைப் பார்த்து முடித்த பிறகு, அவருடைய வரவுசெலவைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பணம் போதாமல் அவர் நொடித்துப்போனார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ஆதரவாளர்களுக்கு எந்தப் பொருளைத் தருவதாக 1906இல் அவர் ஒப்புக்கொண்டாரோ, அந்தப் பொருளே அவரை நொடிக்க வைத்தது என்பது என் முடிவு. என்ன செலவாகும், எத்தனை ஆண்டு பிடிக்கும், யார் பார்க்கலாம், படத்துக்குள் எது இருக்கக்கூடாது என்பது வரைக்கும் அந்த ஒரு வாக்குறுதி எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது.

சியாட்டிலில் ஒரு டாலர்

கர்ட்டிஸ் 1868இல் விஸ்கான்சினில் பிறந்தார். தந்தை உள்நாட்டுப் போரில் உடல்நலம் கெட்டுத் திரும்பிய கிறிஸ்தவ மத ஊழியக்காரர். பையன் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினான். கேமரா ஒன்றைத் தானே செய்துகொண்டான். 1887இல் குடும்பம் வாஷிங்டன் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் 150 டாலர் கொடுத்து சியாட்டிலில் ஒரு ஸ்டுடியோவில் பங்காளியானார். ஊரின் பணக்காரர்கள் அவரிடம் படமெடுத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

பூர்வகுடிகளில் அவர் எடுத்த முதல் உருவப்படம் கிக்கிசோப்லுவினுடையது. சியாட்டில் என்ற ஊருக்கே பெயர் தந்த தலைவரின் மகள் அவர். தன் தந்தையின் பெயரைத் தாங்கிய ஊரில், துணி துவைத்தும் கடற்கரையில் சிப்பி தோண்டி விற்றும் பிழைத்த மூதாட்டி. ஒரு படத்துக்கு ஒரு டாலர் வீதம் கர்ட்டிஸ் கொடுத்தார். நாளெல்லாம் சிப்பி தோண்டுவதைவிட இது மேல் என்று அவர் மகிழ்ந்ததாகச் சொல்வதுண்டு. இந்த ஒரு டாலரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்.

அடுத்த திருப்பம் மலையில் நேர்ந்தது. 1898இல் ரெய்னியர் மலையில் வழி தவறி நின்ற சிலருக்கு அவர் உதவினார். அவர்களில் இருவர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னல், ஹார்ட் மெரியம் என்ற புகழ்பெற்ற அறிஞர்கள். அந்தப் பழக்கத்தால் 1899இல் ரயில்வே முதலாளி ஹாரிமனின் அலாஸ்கா பயணத்துக்கு அதிகாரபூர்வ புகைப்படக்காரரானார். 1900இல் மொன்டானாவில் பீகன் மக்களின் சூரிய நடனத்தைக் காண கிரின்னல் அவரை அழைத்துப் போனார். அங்கேதான் வாழ்நாள் வேலை அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் பூர்வகுடிகள் 2,37,196 பேர். நோயும் போரும் நிலப்பறிப்பும் அவர்களைச் சிதைத்திருந்தன. அவர்களுடைய நடனங்களும் சடங்குகளும் 1883 முதலே அரசு விதிகளின்படி தண்டனைக்குரியவை. இந்த மக்கள் மறைந்துபோகப் போகிறார்கள் என்று அக்காலத்து வெள்ளையர் பலரும் நம்பியதைப் போலவே கர்ட்டிஸும் நம்பினார். மறைவதற்குள் எல்லாவற்றையும் படமாக்கிவிட வேண்டும் என்ற பதற்றம் அவருக்கு.

மார்கனின் மேசையில்

சில ஆண்டுகள் ஸ்டுடியோ வருமானத்தைக் கொட்டிப் பயணம் செய்தார். அது கட்டுப்படியாகவில்லை. 1904இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் குழந்தைகளைப் படமெடுக்கப் போனபோது அதிபருடைய ஆதரவு கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1906 ஜனவரியில், நியூயார்க்கில், வங்கியாளர் ஜே. பி. மார்கனைச் சந்தித்தார். மார்கன் முதலில் மறுத்துவிட்டார் என்றும், கர்ட்டிஸ் எழுந்து போகாமல் படங்களை மேசைமேல் பரப்பியதும் மனம் மாறினார் என்றும் அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொல்கிறார்கள்.

ஒப்பந்தம் இதுதான். ஆண்டுக்கு 15,000 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகள், மொத்தம் 75,000 டாலர், களப்பணிச் செலவுக்கு. கர்ட்டிஸுக்குச் சம்பளம் கிடையாது. மார்கனுக்குத் திருப்பித் தரவேண்டியது 25 முழுத் தொகுப்புகளும் 500 மூல அச்சுகளும். தொகுப்புகளின் வடிவத்தையும் மார்கனே விரும்பிச் சொன்னார்: உலகத்திலேயே மிக அழகான புத்தகமாக இருக்க வேண்டும். 500 தொகுப்புகள் அச்சாகும். ஒன்று 3,000 டாலர். சந்தாதாரர்களை கர்ட்டிஸே தேடிப் பிடிக்க வேண்டும்.

பெருங்கொடை என்றே இதை எழுதுகிறார்கள். தாளும் பென்சிலும் எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்: 25ஐ 3,000ஆல் பெருக்கினால் சரியாக 75,000. மார்கன் நன்கொடை எதுவும் தரவில்லை. முழு விலை கொடுத்து 25 தொகுப்புகளுக்கு முன்பணம் கட்டினார். 500 மூல அச்சுகள் அதற்கு மேல் கிடைத்த கொசுறு. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரும், அவர் 1913இல் இறந்த பிறகு அவர் மகனும் ஒப்பந்தத் தொகைக்கு மேலும் பலமுறை பணம் கொடுத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் 20 தொகுதிகள் இல்லை. ஆனால் முன்பணம் என்பது வரவு போலத் தோன்றும் கடன். கையில் வந்த நாளிலேயே அதற்கு ஈடான பொருளைச் செய்து தரும் பொறுப்பும் வந்துவிடுகிறது. களத்துக்குப் பணம் வந்தது. அச்சிடுவதற்கும், கட்டமைப்பதற்கும், விற்பதற்கும், வீட்டில் அடுப்பெரிவதற்கும் வரவில்லை.

தமிழ்ப் பதிப்புலகத்துக்கு இந்த முறை பழக்கமானதே. நூல் அச்சாகும் முன்பே வாங்குவதாக ஒப்புக்கொள்வதை 19ஆம் நூற்றாண்டில் 'கையொப்பம்' என்றார்கள். 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு உ. வே. சாமிநாதையர் அப்படிக் கையொப்பம் சேர்க்க அலைந்த கதை பலரும் அறிந்தது. அங்கே சில ரூபாய்களுக்குப் பலர் கையொப்பமிட்டார்கள். கர்ட்டிஸ் தேடியதோ 3,000 டாலர் தரக்கூடிய 500 பேரை. 1914இல் ஃபோர்டு கார் ஆலை நாளுக்கு 5 டாலர் கூலி அறிவித்தபோது நாடே வியந்தது. அந்தத் தொழிலாளிக்கு ஒரு தொகுப்பின் விலை 600 நாள் கூலி.

ஒரு தொகுப்பு என்றால்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனெனில் எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

20 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் சுமார் 75 படங்களோடு, ஒரு சமூகத்தின் மொழி, சடங்கு, உணவு, கதை, பாட்டின் சுரக்குறிப்பு என விரிவான எழுத்து. ஒவ்வொரு தொகுதிக்கும் துணையாக, தைக்கப்படாத பெரிய தாள்களில் 35க்குக் குறையாத படங்கள் கொண்ட ஓர் உறை. ஆக ஒரு தொகுப்பில் 2,200க்கும் மேற்பட்ட படங்கள். 500 தொகுப்புகளும் விற்றிருந்தால் 11 லட்சம் படங்களை அச்சிட்டிருக்க வேண்டும். எல்லாமே ஃபோட்டோகிராவ்யூர்.

அந்த வேலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெகட்டிவிலிருந்து கண்ணாடியில் ஒரு பாசிட்டிவ் எடுப்பார்கள். அதன் வழியே ஜெலட்டின் பூசிய தாளில் ஒளி பாய்ச்சி, அந்த ஜெலட்டினை ஒரு செப்புத் தகட்டின்மேல் ஒட்டுவார்கள். தகட்டில் முன்கூட்டியே பிசின் தூளைப் படியவைத்துச் சூடாக்கியிருப்பார்கள்; மையைப் பிடித்து வைக்கும் நுண்ணிய சொரசொரப்பு அதனால் கிடைக்கிறது. பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசலில் தகட்டை இடுவார்கள். ஜெலட்டின் மெல்லிதாக உள்ள இடத்தில் செம்பு ஆழமாக அரிபடும், தடித்த இடத்தில் மேலோட்டமாக. தகடு தயாரான பின் மையைத் தேய்த்து, மேற்பரப்பை மட்டும் துடைத்து, ஈரப்படுத்திய தாளை வைத்து உருளையில் அழுத்தினால் ஒரே ஒரு படம் கிடைக்கும். அடுத்த படத்துக்கு மீண்டும் மை, மீண்டும் துடைப்பு. நிழல்கள் வெல்வெட்டைப் போல விழும். அதைக் கையில் வைத்துப் பார்த்த எவரும் அந்த முறையைத் தவிர்த்திருக்கலாமே என்று சொல்லத் தயங்குவார்கள். நானும் தயங்குகிறேன். பாஸ்டனின் ஜான் ஆண்ட்ரூ அண்ட் சன் நிறுவனம் ஹாலந்துத் தாளிலும், 'வெல்லம்' (vellum) எனப்படும் ஜப்பானியத் தாளிலும் அவற்றை அச்சிட்டது. இன்னும் கூடுதல் விலைக்கு, மெல்லிய ஜப்பானிய டிஷ்யூ தாளில் ஒரு வகையும் இருந்தது.

இப்படி ஒரு பொருளை வாக்களித்த பிறகு, ஒவ்வொரு புதிய சந்தாவும் ஒரு புதிய செலவு. ஆதரவாளர் கூடக் கூட மூச்சு விட இடம் கிடைக்கும் என்றுதான் திட்டம் தொடங்கும்போது நினைப்போம். எங்கள் ஊர் நெசவாளர் வீடுகளைப் படமெடுக்கும் என் சிறிய திட்டத்தில் முதல் ஆண்டு ஆதரவாளர் 12 பேர்; ஆளுக்கு ஆண்டில் நான்கு அச்சுகள் என்று சொல்லிவைத்திருந்தேன். மூன்றாம் ஆண்டு 40 பேரானபோது 160 அச்சுகள், 160 அட்டை உறைகள், 160 முகவரிகள். அந்த ஆண்டு தறி பக்கம் நான் போன நாட்கள் முந்தைய ஆண்டில் பாதிகூட இல்லை. கர்ட்டிஸின் கணக்கு எனக்குப் புரிந்தது அந்தக் கோடையில்தான்.

பெயர் மறைந்தவர்கள்

அட்டையில் ஒரு பெயர். உள்ளே உழைத்தவர்கள் பலர். செய்தியாளராக இருந்து வந்த வில்லியம் மையர்ஸ், சுருக்கெழுத்தும் கூர்மையான காதும் உடையவர். பெரும்பாலான தொகுதிகளின் எழுத்து அவருடைய உழைப்பு. அப்சரோகே (க்ரோ) சமூகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் அப்ஷா மொழிபெயர்ப்பாளராக மட்டும் இருக்கவில்லை. பல முகாம்களில் கர்ட்டிஸுக்குக் கதவு திறந்ததே அவரால். 1909இல் அவர் இறந்தது திட்டத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. பசிபிக் கரையில் ஜார்ஜ் ஹன்ட் அதே பணியைச் செய்தார். சியாட்டில் இருட்டறையைத் தாங்கியவர் அடால்ஃப் முர். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற இமோஜன் கன்னிங்ஹாம், 1907 முதல் 1909 வரை அந்த இருட்டறையில் முரிடம் பிளாட்டினம் அச்சுமுறையைக் கற்றவர். ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் வெப் ஹாட்ஜ் எழுத்தைச் செம்மை செய்தார்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் ஒருவரைச் சொல்ல வேண்டும். கர்ட்டிஸின் மனைவி கிளாரா. கணவர் ஆண்டில் பெரும்பகுதி பாலைவனத்திலும் பனியிலும் இருக்க, நான்கு குழந்தைகளையும் ஸ்டுடியோவையும் பார்த்துக்கொண்டார். ஸ்டுடியோ ஈட்டியது களத்துக்குப் போனது. இந்தத் திட்டத்தின் முதல் ஆதரவாளர் மார்கன் இல்லை, கிளாராதான். அவருக்குத் தொகுப்பும் இல்லை, நன்றியுரையும் இல்லை. 1916இல் அவர் விவாகரத்துக்கு வழக்குத் தொடுத்தார். 1919இல் தீர்ப்பாகி ஸ்டுடியோ அவருக்குச் சேர்ந்தது. அதை ஒப்படைக்கும் முன் கர்ட்டிஸும் மகள் பெத்தும் கண்ணாடி நெகட்டிவ்களை உடைத்துப் போட்டதாகச் சொல்லப்படுகிறது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் குடும்பத்தின் உழைப்பைச் செலவுக் கணக்கில் எழுதாமல் விட்ட எந்தத் திட்டத்தையும் 'சுயேச்சையாக நடந்தது' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படமெடுத்தவர் விற்பனைக்குப் போனார்

முதல் தொகுதி 1907இல் வந்தது, ரூஸ்வெல்ட்டின் முன்னுரையோடு. பாராட்டு குவிந்தது, சந்தா குவியவில்லை. குளிர்காலம் முழுவதும் கிழக்கு நகரங்களின் வரவேற்பறைகளில் கர்ட்டிஸ் அலைந்தார். நூலகங்களும் செல்வர்களும் மட்டுமே வாங்கக்கூடிய பொருள் அது. அவர்கள் எண்ணிக்கையோ குறைவு.

அப்போது ஒரு வழி தோன்றியது: படங்களையே மேடையேற்றுவது. 1911இல் கார்னகி அரங்கில் அவருடைய 'இசைக்காட்சி' தொடங்கியது. கையால் வண்ணம் தீட்டிய ஒளிவில்லைகள், அசையும் படத் துண்டுகள், மெழுகு உருளைப் பாடல்களை அடியொற்றி ஹென்றி கில்பர்ட் அமைத்த இசையை வாசிக்கும் முழு இசைக்குழு. அரங்குகள் நிறைந்தன. இசைக்குழுவின் கூலியும் பயணச் செலவும் டிக்கெட் வருமானத்தை விழுங்கின. அடுத்து திரைப்படம். குவாக்வாக்கவாக் மக்களையே நடிகர்களாகக் கொண்டு அவர் எடுத்த 'இன் த லேண்ட் ஆஃப் த ஹெட் ஹண்டர்ஸ்' 1914இல் திரைக்கு வந்தது. விமர்சகர்கள் போற்றினார்கள். கடன் வளர்ந்தது. 1924இல் அந்தப் படத்தின் உரிமையை இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 1,500 டாலருக்கு விற்றார்.

ஒரே ஒரு முயற்சி அளவோடு அமைந்தது. கண்ணாடியில் அச்சிட்ட படத்தின் பின்புறம் பொன்னிற வெண்கலத் தூளைப் பூசும் முறை, ஓரோடோன் என்பார்கள். ஒளி பட்டால் படத்துக்குள்ளிருந்தே வெளிச்சம் வருவதுபோல் இருக்கும். அழகிய சட்டமிட்டு ஸ்டுடியோவில் விற்றார்கள். நடுத்தர வீடுகளின் சுவரில் அவை ஏறின. ஒரு படம், ஒரு விலை, அன்றே கையில். வருங்காலத்தைப் பற்றிய வாக்குறுதி எதுவும் இல்லை. திட்டத்தை இதன்மேல் கட்டியிருந்தால் 20 தொகுதிகள் வந்திருக்காது என்பது தெரியும். ஆனாலும் அவருடைய கலை சாதாரண மனிதர் கைக்கு அன்று நியாயமான விலையில் போய்ச் சேர்ந்த வழி இது ஒன்றுதான்.

11ஆம் தொகுதி 1916இல் வந்தது. 12ஆம் தொகுதி 1922இல். இடையில் ஆறு ஆண்டுகள் சந்தாதாரர்களுக்கு ஒன்றும் வரவில்லை. 1919இல் ரூஸ்வெல்ட் இறந்தார். உலகப் போர் முடிந்திருந்தது. மக்களின் அக்கறை வேறு பக்கம் திரும்பியிருந்தது. கர்ட்டிஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோய், செசில் டிமில்லின் 'டென் கமாண்ட்மென்ட்ஸ்' உள்ளிட்ட படங்களுக்குப் புகைப்படக்காரராக வேலை செய்து வயிறு கழுவினார். ஏறக்குறைய அதே காலத்தில் நியூயார்க்கில் புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸின் 'கேமரா வொர்க்' என்ற புகைப்பட இதழுக்கு நேர்ந்தது இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது. அதுவும் கிராவ்யூர், அதுவும் சந்தா. 1903இல் தொடங்கிய அதன் சந்தாதாரர்கள் 1917இல் நாற்பதுக்கும் கீழே வந்தபோது ஸ்டீக்லிட்ஸ் இதழை நிறுத்திவிட்டார். இதழுக்கு அந்த வசதி உண்டு. ஒவ்வோர் இதழும் தன்னளவில் முழுமையானது. 20 தொகுதிகளுக்கு முன்பணம் வாங்கியவரால் 11இல் நிறுத்த முடியாது.

1927இல் மகள் பெத்துடன் அலாஸ்காவுக்குக் கடைசிப் பயணம். புயல்களைத் தாண்டித் திரும்பி சியாட்டிலில் இறங்கியவரை, ஜீவனாம்சப் பாக்கிக்காகக் கைது செய்தார்கள். இந்த வேலையில் தனக்குச் சம்பளமே இல்லை என்று 59 வயதில் நீதிமன்றத்தில் நின்று அவர் விளக்க வேண்டியிருந்தது. 1930இல் 20ஆம் தொகுதி வெளிவந்தது, பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவில். 500 என்று தொடங்கியதில் கட்டி முடிக்கப்பட்டவை 300க்கும் குறைவு. விற்றவை 230ஐ எட்டவில்லை. 1952இல் கர்ட்டிஸ் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் ஒரு சிறு பத்தியோடு முடித்துக்கொண்டது.

கூடாரத்திலிருந்த கடிகாரம்

விலையும் தாமதமும் பற்றிச் சொல்லியாயிற்று. படத்துக்குள் நடந்தது எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது.

ஆறாம் தொகுதியின் உறையில் 'பீகன் கூடாரத்தில்' என்ற படம் இருக்கிறது. லிட்டில் ப்ளூமும் அவர் மகன் யெல்லோ கிட்னியும் அமர்ந்திருக்கிறார்கள். எடுத்தபோது அவர்களுக்கு நடுவில் ஓர் அலாரம் கடிகாரம் இருந்தது. அச்சிட்ட படத்தில் அது இல்லை. திருத்திய கை அதை அழித்துவிட்டது. திருத்தாத வடிவமும் காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாப்பாக இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கடிகாரம் உள்ள படம்தான் எவ்வளவு உயிருள்ளது! 1910இல் ஒரு தந்தையும் மகனும் தங்கள் கூடாரத்தில், தங்கள் நூற்றாண்டில், எல்லோரையும்போல நேரம் பார்த்து வாழ்கிறார்கள். கடிகாரம் அழிந்ததும் அவர்கள் காலத்துக்கு வெளியே தள்ளப்பட்டு 'மறைந்துகொண்டிருக்கும் இனம்' ஆகிவிடுகிறார்கள். இந்த எண்ணம் கர்ட்டிஸுடையதுதான்; 1904லேயே அந்தப் பெயரில் நவஹோ குதிரைவீரர்களைப் படமெடுத்தவர் அவர். ஆனால் 3,000 டாலர் கொடுத்தவர் வாங்கியதும் அந்த எண்ணத்தைத்தான். கடிகாரம் வைத்திருக்கும் பூர்வகுடியின் படத்தை விலையுயர்ந்த ஜப்பானியத் தாளில் அச்சிட்டு வரவேற்பறையில் வைக்க யாரும் கேட்கவில்லை. வாங்குபவரின் விருப்பமும் எடுப்பவரின் நம்பிக்கையும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன. தூரிகையைப் பிடித்த கையை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டியதில்லை.

கட்டாயம் போன்ற ஒன்றும் நடந்தது. தளபதி கஸ்டர் பூர்வகுடிகளிடம் தோற்று மடிந்த லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை, அவரிடம் வழிகாட்டிகளாக இருந்த மூன்று அப்சரோகே வீரர்களோடு நடந்து பார்த்து, நாடு போற்றிய கஸ்டரின் புகழுக்குக் குறை தரும் செய்திகளை கர்ட்டிஸ் திரட்டினார். ரூஸ்வெல்ட்டுக்கு அனுப்பினார். அதிபர் எச்சரித்து எழுதினார். அந்தச் செய்திகள் தொகுதியில் வரவில்லை. தன் காலத்தின் முக்கியமான வாய்மொழிச் சான்றுகளில் ஒன்றை அவர் பெட்டிக்குள் வைத்தார். 500 சந்தாக்கள் தேடவேண்டிய மனிதருக்கு அன்று வேறு வழி தெரிந்திருக்காது.

படத்திலிருந்தவர்கள் கைக்கு

இப்போது அந்த ஒரு டாலருக்கு வருகிறேன். கிக்கிசோப்லு முதல் அலாஸ்கா வரை, கேமரா முன் அமர்ந்தவர்களுக்குச் சிறு தொகையோ பொருளோ கிடைத்தது. தொகுதிகள் அவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் இல்லை. 'மறைந்துவிடுவார்கள்' என்று நம்பிய ஒருவர், அவர்களின் பேரக்குழந்தைகளுக்கு ஒரு பிரதி ஒதுக்கிவைக்க நினைக்காததில் வியப்பில்லை. அவர்கள் மறையவில்லை. 2020 கணக்கெடுப்பில் தம்மைப் பூர்வகுடிகள் என்று பதிந்தவர்கள், கலப்பு வழியினரையும் சேர்த்து, 97 லட்சம்.

லோரியட் கடையின் நிலவறையில் கிடந்த சரக்கு 1970களின் தொடக்கத்தில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது ஒரு முழுத் தொகுப்பு ஏலத்தில் பத்து லட்சம் டாலரைத் தாண்டிப் போகிறது. அந்த விலையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக நூலகம் 20 தொகுதிகளையும் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. அதன் வழியே, தாத்தாவின் தாத்தாவை முதன்முறையாக முகம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மொழியை மீட்கப் பாடுபடுபவர்களுக்கு மையர்ஸ் குறித்துவைத்த சொற்பட்டியல்கள் உதவுகின்றன. 1914ஆம் ஆண்டுத் திரைப்படம் 2008இல் சீரமைக்கப்பட்டபோது அலர்ட் பே ஊரின் உமிஸ்டா பண்பாட்டு மையம் அதில் பங்கேற்றது; நடித்தவர்களின் வழிவந்தவர்கள் திரையின் முன் தங்கள் நடனத்தைத் தாங்களே ஆடினார்கள். தன் ஆதரவாளர் யார் என்பது கர்ட்டிஸுக்குக் கடைசிவரை தெரியவில்லை என்று எனக்குத் தோன்றும். 3,000 டாலர் தந்தவர்கள் தொகுப்பை வாங்கினார்கள். முகத்தையும் பாட்டையும் தந்தவர்கள்தான் அதைத் தாங்கினார்கள்.

அவருக்குப் பதில் சொல்வதுபோல் இரண்டு திட்டங்கள் 2012இல் தொடங்கின. ஸ்வினோமிஷ், துலாலிப் மக்களைச் சேர்ந்த மத்திகா வில்பர், சியாட்டிலில் தன் உடைமைகளை விற்றுவிட்டு, கூட்டரசு அங்கீகரித்த பழங்குடி அரசுகள் அனைத்தையும் நோக்கிக் காரில் கிளம்பினார். அவர் எடுத்துக்கொண்ட எண்ணிக்கை 562. திட்டத்தின் பெயரும் அதுவே. கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் இணையதளம் வழியாகப் பலர் சிறு சிறு தொகையாகப் பணம் தந்தார்கள். படத்தில் இருப்பவர்கள் விருப்பமான உடையில், விருப்பமான இடத்தில், தங்கள் பெயரோடு நிற்கிறார்கள். 2023இல் புத்தகமாக வந்தபோது எந்தக் கடையிலும் வாங்கும் விலையில் வந்தது.

இன்னொருவர் டினே (நவஹோ) புகைப்படக் கலைஞர் வில் வில்சன். சாண்டா ஃபேயில், நியூ மெக்ஸிகோ கலை அருங்காட்சியகத்தில், பழைய ஈரத்தகட்டு முறையில் உருவப்படம் எடுக்கத் தொடங்கினார். உலோகத் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் எடுத்து, கழுவி முடிக்க வேண்டும். நெகட்டிவ் கிடையாது, உலகத்தில் ஒரே ஒரு படம். அமர்ந்தவர் எதை அணிவது, கையில் எதை வைத்திருப்பது என்பது அவர் விருப்பம். கடைசிக் கரைசலில் தகட்டை இடும்போது பார்க்க அழைப்பார்கள். முதலில் நீலம் கலந்த பால்போல ஒரு மூட்டம் தெரியும். அது மெல்ல விலக, இருட்டிலிருந்து தன் முகமே எழுந்து வருவதை அவர் பார்க்கிறார். வில்சன் அதன் டிஜிட்டல் நகல் ஒன்றை அனுமதி பெற்று வைத்துக்கொள்கிறார். தகடு, அமர்ந்தவருடன் வீட்டுக்குப் போகிறது.